பூஜையில் வைத்த பூட்ஸ்

என் கால் அளவு ஐந்து. வெல்டிங் வேலை செய்கிற ஒருத்தி கடையில் போய் இந்த அளவில் பூட்ஸ் கேட்டால் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "ஆறு இருக்கு, துணி வெச்சுப் போட்டுக்க" என்பார்கள். நானும் மூன்று வருஷம் துணி வைத்துப் போட்டுக்கொண்டேன். துவாக்குடியில் எங்கள் பட்டறை கொடுத்த ஆறாம் நம்பர் பூட்ஸுக்குள் என் வீட்டுக்காரருடைய பழைய பனியனைச் சுருட்டித் திணித்து, அதற்குள் காலைத் திணித்து, இரும்புக்கு நடுவே வாத்து மாதிரி நடந்தேன்.

போன சித்திரையில் ஓர் உத்தரத்துக்கு அடியில் குந்தி வெல்டிங் போட்டுக்கொண்டிருந்தேன். பூட்ஸ் வாய்க்கும் கணுக்காலுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் ஒரு பொறி விழுந்தது. பனியன் பற்றிக்கொண்டது. கயிற்றை அவிழ்த்துக் கழற்றுவதற்குள் கால் வெந்துவிட்டது. புத்தூர் பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். பத்து நாள் வீட்டில் கிடந்தேன். பதினோராம் நாள் நேராகப் பாலக்கரைக்குப் போனேன்.

அங்கே ரஃபீக் பாய் கடை. கையுறை, ஹெல்மெட், தார்ப்பாய், கயிறு, பூட்ஸ் எல்லாம் விற்பார். என் காலைப் பார்த்தார். கட்டைப் பார்த்தார். உள்ளே போய் இரண்டு பெட்டிகளோடு வந்தார்.

"ஆம்பூர் சரக்கும்மா. வெளிநாட்டுக்குப் போக வேண்டியது, மிச்சம் விழுந்துச்சு. அங்க உள்ள பொம்பளைங்க போடுறது. அஞ்சாம் நம்பர்ல ரெண்டே ஜோடிதான் வந்திருக்கு. ரெண்டையும் எடுத்துட்டுப் போயிரு."

அசல் தோல். கயிறு கிடையாது, பக்கத்தில் மடித்து மூடுகிற மாதிரி. முனையில் இரும்பு. கால் உள்ளே போனதும் யாரோ இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது போல இருந்தது.

"ஒரு ஜோடி போதும் பாய். எனக்கு என்ன, ரெண்டு கால்தானே?"

"நான் உன் காலைப் பத்திப் பேசல. தோலைப் பத்திப் பேசுறேன். நீ பத்து மணி நேரம் நெருப்புகிட்ட நிக்கிற. உன் வேர்வையெல்லாம் இது குடிக்கும். குடிச்சது காய ஒரு நாள் முழுசா வேணும். ஈரத்தோட மறுநாளும் மாட்டுனா தையல் விட்டுரும். காலும் புண்ணாயிரும். மாத்தி மாத்திப் போட்டீன்னா ரெண்டும் மூணு வருஷத்துக்கு அசையாது."

"விக்கிறவங்க எல்லார்கிட்டயும் இப்படி ஒரு காரணம் இருக்கும்."

"இருக்கும்தான். அதுக்காகப் பொய்யாயிருமா?" என்று சிரித்தார்.

ஒரு ஜோடியே என் பத்து நாள் கூலி. ஆனால் காசு மட்டும் காரணமில்லை. நான் மருங்காபுரிப் பக்கம் பிறந்தவள். என் அம்மா கல்லுடைக்கப் போனாள். அவளுக்கு இரண்டு சேலை. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். ஒரு தீபாவளிக்கு மூன்றாவது சேலை வந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டியில் வைத்தாள். அடுத்த தீபாவளிக்குத் திறந்தபோது அதைக் கரையான் அரித்திருந்தது. கையில் உழைக்காத சாமான் கரையானுக்கு என்று அன்றைக்கு என் மனதில் விழுந்தது. இன்னும் போகவில்லை.

வீட்டில் என் வீட்டுக்காரர் ஜெயக்குமார் பூட்ஸைத் தூக்கிப் பார்த்தார். அவர் காந்தி மார்க்கெட் வாழை மண்டியில் சுமை தூக்குகிறவர். ஜீயபுரம் பக்கத்திலிருந்து வருகிற வாழைத்தாரையெல்லாம் லாரியிலிருந்து இறக்குவது அவரும் கூட்டாளிகளும்தான். பிறந்ததிலிருந்து காலில் ஒன்றும் மாட்டியதில்லை. கல்யாணத்தன்று வாங்கிக் கொடுத்த செருப்பையும் மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்த மனுஷன்.

"தோலு மேல எதுக்குப் புள்ள இன்னொரு தோலு?" முனையைத் தட்டினார். "உள்ள என்ன, தேங்கா ஓடா?"

"இரும்பு. மேல எது விழுந்தாலும் விரல் தப்பிக்கும்."

"என் கால்லயும் ஒரு தடவை தாரு விழுந்துச்சு. தாருதான் நசுங்குச்சு."

அவரோடு பேசி ஜெயிக்க முடியாது. ஒரு ஜோடியோடு விஷயம் முடிந்தது.

பூட்ஸ் வந்த பிறகு என் வேலை மாறிவிட்டது. இதை யாரும் நம்ப மாட்டார்கள். கால் நின்றால் கை நிற்கும். குந்தி உட்கார்ந்தால் ஆடாமல் உட்கார்ந்தேன். கை நடுங்காததால் வெல்டிங் கோடு சீராக விழுந்தது. ஆறே வாரத்தில் முதலாளி ஸ்ரீதர் சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, கொதிகலன் குழாய் வெல்டிங்குக்கு டெஸ்ட் எழுதச் சொன்னார். எழுதுவது என்றால் பேனாவில் இல்லை. சாய்த்து நிறுத்தி வைத்த குழாயைச் சுற்றிச் சுற்றி வந்து, மேலும் கீழும் பக்கத்திலும் பற்றவைக்க வேண்டும். குழாயை அசைக்கக் கூடாது. நாம்தான் வளைய வேண்டும். அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். தேறினால் கூலி ஒன்றரை மடங்கு. அதைவிட, உத்தரம் ஒட்டுகிறவள் என்ற பெயர் போய்க் குழாய் வெல்டர் என்ற பெயர் வரும். எங்கள் பட்டறையில் அந்தப் பெயர் இரண்டு பேருக்குத்தான் இருந்தது. இரண்டு பேரும் ஆம்பளைகள்.

டெஸ்ட், ஆயுத பூஜை முடிந்து அடுத்த திங்கட்கிழமை என்று சொன்னார்கள்.

இதற்கிடையில் பாய் சொன்னது ஒவ்வொன்றாக நடக்க ஆரம்பித்தது. ஆவணியில் விரலிடுக்கெல்லாம் ஊறிப்போன அரிசி மாதிரி வெளுத்தது. புரட்டாசியில் இடது பூட்ஸின் பக்கத் தையலில் ஒரு நூல் எட்டிப் பார்த்தது. நான் அதைத் தீக்குச்சியால் கருக்கிவிட்டு யாரிடமும் சொல்லவில்லை.

ஆயுத பூஜையன்று காலையில் பட்டறையைக் கழுவி, வாசலில் வாழைக்கன்று கட்டி, சாமி படத்துக்கு முன்னால் ஆளுக்கு ஆள் தங்கள் சாமான்களை வரிசையாக அடுக்கினோம். வெல்டிங் கம்பி பிடிக்கிற ஹோல்டர், கிரைண்டர், சுத்தியல், அளவுகோல், வெல்டிங் கண்ணாடி. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நான் என் பூட்ஸைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, ஒரு தகரத்தின் மேல் நிறுத்தி, வரிசையில் கொண்டு போய் வைத்தேன்.

பட்டறையில் மூத்த ஃபிட்டர் பெரியண்ணன். பெயரிலேயே அண்ணன் இருப்பதால் முதலாளி உட்பட எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். அவர் சூடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, உனக்கு மூளை கீளை இருக்கா? செருப்பைக் கொண்டாந்து சாமிகிட்ட வைக்கிற?"

"இது செருப்பு இல்லண்ணே."

"கால்ல மாட்டுறது செருப்பு இல்லாம கிரீடமா?"

இருபத்திரண்டு பேரும் வேடிக்கை பார்த்தார்கள். அந்த நேரத்தில் ஸ்ரீதர் சார் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து இறங்கினார். நெற்றியில் திருமண், கையில் புளியோதரைப் பாத்திரம். ஆசாரமான குடும்பம். பெரியண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்களே பாருங்க சார், இந்தப் புள்ள பண்ணியிருக்க வேலையை."

நான் முந்திக்கொண்டேன். "சார், மெஷின் உங்களுது. ஹோல்டர் உங்களுது. கண்ணாடிகூட உங்களுது. இங்க என் சொந்த ஆயுதம்னு சொல்ல இது ஒண்ணுதான் இருக்கு."

சார் குனிந்து பூட்ஸைப் பார்த்தார். பெரியண்ணன் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நாங்க கோயில்ல குனிஞ்சு தலையில வாங்கிக்கறோமே சடாரி, அது மேல இருக்கறது என்ன? பெருமாளோட பாதுகை. அது மட்டுமா? ஸ்ரீரங்கத்துல அவரோட தோல் பாதரட்சையையே தூண்ல மாட்டி வெச்சிருக்கா. தேஞ்சு போனா எடுத்து அங்க மாட்டிட்டுப் புதுசு சமர்ப்பிப்பா. இது இருந்துட்டுப் போகட்டும். வரிசைல கடைசியா வையுங்கோ."

"அப்ப பெருமாளுக்கே ரெண்டு ஜோடியா சார்?" என்று கேட்டேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

"அவர் நடக்கறவர்மா," என்றார் சார்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரியண்ணனும் முனகிக்கொண்டே வந்து, பூட்ஸ் இரண்டின் இரும்பு முனையிலும் ஒவ்வொரு பொட்டு தன் கையாலேயே வைத்தார். சூடம் காட்டினோம். பூசணிக்காய் உடைத்தோம். பொரிகடலை, சுண்டல், புளியோதரை. பட்டறையைப் பூட்டிச் சாவியைப் பெரியண்ணன் மடியில் முடிந்துகொண்டார்.

பூஜையில் வைத்த சாமானை மறுநாள் பத்து மணிக்கு மறுபூஜை போட்ட பிறகுதான் தொட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செந்தமிழன் என்கிற பையன், தன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டு ஜன்னலுக்காக அன்று மாலையே கிரைண்டரை எடுத்துப் போனான். சக்கரம் உடைந்து கட்டைவிரல் கிழிந்தது. பழைய சக்கரம், உடைந்தது. ஆனால் பட்டறையில் அப்படி ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

மூன்றரை மணிக்கு அரியமங்கலத்தில் வீட்டில் படுத்திருந்தேன். ஸ்ரீதர் சார் போன் பண்ணினார்.

"குழலி, டெஸ்ட் திங்கக்கிழமை இல்லை. நாளைக்குக் கார்த்தால ஏழரைக்கு. இன்ஸ்பெக்டர் மத்தியானமே சென்னைக்குக் கிளம்பறாராம். விட்டா இன்னும் ஆறு மாசம் ஆகும்."

"வந்துர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். "சார், என் பூட்ஸ் பூஜைல இருக்கு."

டெஸ்ட் நடக்கிற கம்பெனியில் பூட்ஸ் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

"நான் அண்ணன்கிட்ட சொல்றேன். போய் எடுத்துக்கோ. பெருமாள் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

பெருமாள் சொல்ல மாட்டார். பெரியண்ணனுக்குப் போன் பண்ணினேன்.

"முதலாளி சொல்லிட்டாரு, சாவி தரேன். உள்ள போய் எடுக்கிறது நீயா இருக்கணும், நான் வர மாட்டேன். நாளப்பின்ன யார் கையில எது பட்டாலும் என்கிட்ட வந்து நிக்காத, அவ்வளவுதான்."

எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்புகிற இருபத்திரண்டு பேரோடுதான் நான் வேலை செய்ய வேண்டும். வருஷத்தில் எத்தனை விரல் நசுங்குகிற இடம் அது! இனி ஒவ்வொரு நசுங்கலுக்கும் என் பூட்ஸ்தான் காரணம் ஆகும். அந்தச் சுமையை எவளாவது தூக்கட்டும், நான் தூக்க மாட்டேன்.

கட்டிலுக்கு அடியில் பழைய ஆறாம் நம்பர் கிடந்தது. எடுத்து மாட்டி, டெஸ்ட்டில் உட்காருவது போலக் குந்திப் பார்த்தேன். குதிகால் உள்ளே வழுக்கியது. தழும்பு இருக்கிற இடத்தில் காற்று பட்டது. கழற்றி மறுபடி கட்டிலுக்கு அடியிலேயே தள்ளினேன்.

ஜெயக்குமார் சுவரில் சாய்ந்து பொரி தின்றுகொண்டே இதையெல்லாம் பார்த்தார்.

"அந்த பாய் ரெண்டாவது ஜோடி இருக்குன்னாரே?"

"அஞ்சு மாசம் ஆச்சுங்க. வெச்சிருப்பாரா?"

"அஞ்சு மாசத்துல உன்ன மாதிரி குட்டிக் கால் வெச்சிக்கிட்டு எவ வந்திருக்கப் போறா? வா போவோம்."

பாலக்கரையில் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வேலையாட்களுக்கு லீவு விட்டுவிட்டு பாய் மட்டும் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "தையல் விட்டுருச்சா?" என்றார்.

"அது இல்ல பாய். பூட்ஸ் சாமிகிட்ட இருக்கு."

முழுக் கதையையும் கேட்டார். சிரிக்கவில்லை, அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை.

"அஞ்சாம் நம்பர் எங்கயும் போகல. வாசல்ல தலைக்கு மேல பாரு."

வாசலில் கம்பியில் ஒரு பூட்ஸ் தொங்கியது. கடையில் பூட்ஸ் கிடைக்கும் என்று காட்ட வலது காலை மட்டும் எடுத்து மாட்டியிருந்தார். அஞ்சு மாச வெயில் அதைக் கருப்பட்டி நிறத்திலிருந்து காய்ந்த வாழைச் சருகு நிறத்துக்குக் கொண்டு வந்திருந்தது. அதன் ஜோடி பெட்டிக்குள் புதுசாக இருந்தது.

"வெலையில குறைச்சுத் தரேன். ஆனா ஒண்ணு, புதுத் தோல் கடிக்கும். காலைல டெஸ்ட்டுன்னா பஸ்ல போகாத. இப்பவே மாட்டிக்கிட்டு வீடு வரைக்கும் நடந்து போ."

நாலு கிலோமீட்டர் இருக்கும். நடந்தோம். காந்தி மார்க்கெட் தாண்டி தஞ்சாவூர் ரோட்டில் ஒவ்வொரு கடை வாசலிலும் பூசணிக்காய் உடைந்து கிடந்தது. லாரிக்கெல்லாம் மாலை, முகப்பில் வாழைக்கன்று. புது பூட்ஸ் குதிகாலைப் பல்லால் பிடித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஜெயக்குமார் பக்கத்தில் வெறுங்காலோடு வீசி நடந்தார்.

"பாத்தியா, எனக்கு ஒண்ணும் கடிக்கல. காசும் இல்ல, கவலையும்..."

சொல்லி முடிக்கவில்லை. பூசணிச் சதையில் கால் வைத்து, ஒரு கை என் தோளில், ஒரு கை ஆகாயத்தில் என்று போனார். நான் அதே சதை மேல்தான் நின்றுகொண்டிருந்தேன். அசையவில்லை. இரண்டு வாழைத்தார் கனமுள்ள ஆளை ஒரு கையால் பிடித்து நிறுத்தினேன்.

பூக்கடைக்காரம்மா ஒருத்தி, "தாலி கட்டுனவன கெட்டியா பிடிச்சுக்கம்மா" என்று சிரித்தாள்.

அதற்கப்புறம் வீடு வரைக்கும் அவர் காலைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பூட்ஸை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டு வரச் சொன்னார். குதிகால் பக்கத்தில் ஊற்றித் தேய்த்து, சப்பாத்திக் கட்டையை உள்ளே விட்டு அழுத்தி, வளைத்து, பிசைந்தார். லாரியிலிருந்து தார் இறக்குகிற கை. சோறு வடித்து இறக்குவதற்குள் தோல் வழிக்கு வந்துவிட்டது.

"இதுல ஒரு கூறு இருக்கு புள்ள," என்றார், தையலைத் தடவிக்கொண்டே. "சும்மா பண்ணல."

காலையில் கம்பெனி வாசலில் காவலாளி என்னை நிறுத்தினார். பூட்ஸைத் திருப்பி அடியைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார்.

"என்னம்மா, ரெண்டும் ரெண்டு கலரா இருக்கு?"

"ரெண்டும் கூடப் பொறந்ததுதான்ணே. ஒண்ணு வெயில்ல வளந்துச்சு."

உள்ளே விட்டுவிட்டார்.

குழாயைச் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். குந்தினேன். எடையை முன்பாதங்களில் இறக்கினேன். பூட்ஸ் இரண்டும் தரையைப் பிடித்துக்கொண்டன. மேல் பாதி சுலபம். அடிப்பாதிதான் ஆளைக் கொல்லும். தலையைக் குழாய்க்கு அடியில் கொடுத்து, மூச்சை நிறுத்தி, இமைக்காமல் போக வேண்டும். பாதிக் கோட்டில் ஒரு பெரிய பொறி உதிர்ந்து வலது காலில், அந்தச் சருகு நிறத்தின் மேல் விழுந்தது. எனக்குத் தெரிந்தது. உருண்டு கீழே போனதும் தெரிந்தது. கையை எடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். என்னவோ எழுதிக்கொண்டார். எக்ஸ்ரே மூன்று நாளில் வந்தது. தேறியாகிவிட்டது.

அன்றைக்கு டெஸ்ட் முடிந்த கையோடு மறுபூஜைக்குப் போய்ச் சேர்ந்தேன். பெரியண்ணன் சூடம் காட்டி முடித்துவிட்டு என் காலைப் பார்த்தார். தகரத்தின் மேலிருந்த பழைய ஜோடியைப் பார்த்தார்.

"அப்ப நீ எடுக்கல?"

"எடுக்கலண்ணே."

பழைய ஜோடியைத் தகரத்தோடு தூக்கி வந்து என் கையில் கொடுத்தார். செருப்பென்று சொன்னதை அவர் தொட்டுத் தூக்கினார். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை, அவரும் பண்ணவில்லை.

இப்போது மாற்றி மாற்றித்தான் போடுகிறேன். விரலிடுக்கு காய்ந்துவிட்டது. விட்ட தையலைப் பாயிடமே கொடுத்துப் போட்டு வாங்கினேன். ஒரு நாள் முழுக்க இன்னொரு ஜோடி என்னைத் தாங்கியதால் அதுவும் முடிந்தது. போன மாதம் பாய் மறுபடி கூப்பிட்டார். அஞ்சாம் நம்பரில் இன்னொரு ஜோடி வந்திருக்கிறதாம். மூன்றாவதாக இருக்கட்டுமே என்றார். வேண்டாம் என்றேன். தோலுக்கு ஒரு நாள் ஓய்வு நியாயம். இரண்டு நாள் ஓய்வு கொடுத்தால் பூசணம் பூக்கும். என் அம்மாவின் மூன்றாவது சேலையை நான் மறக்கவில்லை. கொடியில் காய்ந்த இரண்டாவது சேலையைத்தான் இத்தனை நாள் மறந்திருந்தேன்.

கூட்டிய கூலி முதல் தடவை கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் போனோம். நான் செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்கினேன். ஜெயக்குமாருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை, வழக்கம் போல. உள்ளே விசாரித்து அந்தத் தூணைக் கண்டுபிடித்தோம். சார் சொன்னது நிஜம். பெரிய தோல் பாதரட்சை. ஜெயக்குமார் கிட்டத்தில் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாழைத்தாருக்கு விலை பார்க்கிற மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார்.

திரும்பும்போது பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியது. அவர் ஜன்னலுக்கு வெளியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த பாய் கடையில பத்தாம் நம்பர் இருக்குமா?"

"இருக்கும். எத்தனை ஜோடி?"

"ஒண்ணு போதும். எனக்கு என்ன, ரெண்டு கால்தானே?"

அதற்குப் பதில் பாய் சொல்லிக்கொள்வார்.